‘இதுவரை ஆராயப்படவில்லை’ என்னும் கூற்றும் நூலகத் தேடல் நெறியும்

தமிழ் முதுகலை மாணவர் எழுதும் ஆய்வேடுகளின் முன்னுரையில் ஒரு தொடர் அடிக்கடி இடம்பெறக் காண்கின்றோம். ‘இப்பொருள் பற்றி இதுவரை எவரும் ஆராய்ந்திலர்’ என்பதே அத்தொடர். சிறு தொடராகத் தோன்றினும் அது ஏற்கும் பொறுப்போ பெரிது. ஒன்று உண்டு என்று நிறுவுதற்கு ஒரு சான்று போதும். இல்லை என்று நிறுவுதற்கோ அது இருத்தற்குரிய இடமனைத்தையும் நாடிப் பார்த்திருத்தல் வேண்டும். எங்குத் தேடினோம், எப்பெயரால் தேடினோம், எந்நாள் வரை வெளிவந்தவற்றைத் தேடினோம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூற இயலாத மாணவர் அத்தொடரை எழுதும் உரிமை பெறார்.

இவ்வுரிமையை மாணவர் உழைத்துப் பெறுமாறு செய்வதே நூலகப் பயிற்சியின் தலையாய நோக்கம் என்று நாம் கருதுகின்றோம். வேண்டிய செய்தி யாதெனத் தெளிதல், அஃது இருக்குமிடம் அறிதல், கண்டதன் தரத்தை மதித்தல், நேர்மையோடு எடுத்தாளுதல் ஆகிய நான்கையும் சேர்த்து மேலைநாட்டார் தகவலறிதிறன் என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். 1974ஆம் ஆண்டில் பால் சுர்கோவ்ஸ்கி என்னும் அமெரிக்கர் அப்பெயரை ஆண்டார். அதன் பின்னர் அங்குள்ள பல்கலைக்கழகங்களில் அது பாடத்திட்டத்தோடு இணைந்து வளர்ந்தது. நம் தமிழ்த் துறைகளிலோ ‘ஆராய்ச்சி நெறிமுறைகள்’ என்னும் தாளில் நூலகம் பற்றிய இயல் ஒன்று உண்டு. மாணவர் அதனை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுவர். ஆயின், நூலகத்துள் நின்று ஒரு வினாவைத் துரத்திச் செல்லும் பழக்கம் அதனால் அமைவதில்லை.

இக்குறை எல்லாரையும் ஒருபடித்தாகத் தாக்குவதன்று. சென்னையில் பயில்வோர் பெரிய நூலகங்களின் அருகில் வாழ்கின்றனர். பிறர் தேடுவதைப் பார்த்தேனும் கற்றுக்கொள்வர். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் கல்லூரிகளுக்கு வரும் மாணவருள் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்டவர். அவர்க்கு வகுப்பறை கற்பியாததை வேறெவரும் கற்பித்தல் அரிது. ஆதலின் அப்பகுதியின் சான்றுகளையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, தேடும் நெறியை ஈண்டு விளக்க முற்படுகின்றோம். தம் ஊரைப் பற்றிய வினாவாயின், மாணவர் ஏட்டிற் கண்டதை நேரிற் சென்று பார்க்கவும் கூடும்.

1. நூலகம் எதன்பொருட்டு?

நூலக இயலுக்கு இந்நாட்டில் அடிப்படை கோலியவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதனார் ஆவர். கணித ஆசிரியராய் இருந்த அவர் 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவருடைய ஐந்து விதிகள் 1931இல் நூலாயின; கோலன் பகுப்பு முறை 1933இல் வெளிவந்தது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் உருவாதற்கும் அவர் முயற்சி துணைநின்றது.

அவர் விதிகளின் கருத்தைச் சுருங்கக் கூறின், நூல்கள் பயன்படுதற்கென்றே உள்ளன. ஒவ்வொரு படிப்பாளிக்கும் உரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய படிப்பாளியும் உண்டு. படிப்பாளியின் காலம் வீணாகலாகாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது. இவற்றுள் மூன்றாவதாகிய, நூலுக்குரிய படிப்பாளி என்னும் கருத்தே நம் பொருளுக்கு மிக நெருங்கியது. எவரும் எடாது தட்டில் உறங்கும் நூல் ஒன்று, ஒரு மாணவர் ‘எவரும் ஆராய்ந்திலர்’ என்று எழுதும் பொருளையே ஆராய்ந்திருக்கலாம். அவ்விரண்டும் சந்தியாமற் போயின், பழைய ஆசிரியர் உழைப்பும் வீண். புதிய மாணவர் உழைப்பும் வீண்.

2. பொருளை வினாவாக்குதல்

தேடலின் தொடக்கம் நூலகத்தில் இல்லை. மாணவர் உள்ளத்தில் எழும் வினாவில் உள்ளது. ‘திண்டிவனமும் சங்க இலக்கியமும்’ என்பது ஒரு தலைப்பு. தலைப்பைக் கொண்டு நூலகத்துள் நுழைபவர்க்கு எதை எடுப்பது, எதை விடுப்பது என்பது விளங்காது. ‘சிறுபாணாற்றுப்படை கூறும் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கல்தானா? அங்ஙனம் கொள்ளுதற்குரிய சான்றுகள் யாவை?’ என்பது வினா. வினா, தனக்கு வேண்டும் சான்றின் வகையைத் தானே கூறிவிடும்.

இவ்வினாவைப் பகுத்து நோக்குவாம். முதலாவது, மூலநூல் கூறுவது யாது? சிறுபாணாற்றுப்படை 269 அடிகளையுடையது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடனைப் பாடியது. கிடங்கிலுக்குத் தலைவனாக அது அவனைக் குறிக்கும். எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்னும் ஊர்களையும் கூறும். இரண்டாவது, பிற சங்க நூல்களில் கிடங்கில் வருகின்றதா? நற்றிணையில் கிடங்கிற் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கிற் காவிதிப் பெருங்கொற்றனார் என்னும் இருவர் பாடல்களும், குறுந்தொகையில் கிடங்கிற் குலபதி நக்கண்ணனார் பாடலும் உள்ளன. மூன்றாவது, இவ்வூர்களை இன்றைய ஊர்களோடு இணைத்தவர் யாவர்? எக்காரணம் பற்றி இணைத்தனர்? எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு இணைத்துக் கூறுவோர் பலர். அஃது ஆய்வாளர் துணிபு, மூலநூலின் கூற்றன்று. நான்காவது, பிற்காலக் கல்வெட்டுகளில் இவ்வூர்ப் பெயர்கள் எவ்வடிவில் வருகின்றன?

ஒரு தலைப்பு நான்கு வினாக்களாகப் பிரிந்ததும், தேடவேண்டிய நூல்களும் நான்கு வகையாகப் பிரிதல் காண்க. மூலமும் உரையும், அடைவுகள், ஆய்வு நூல்களும் கட்டுரைகளும், கல்வெட்டுத் தொகுதிகள் என்பன அவை. இப்பகுப்பை எழுதிக் காட்டாத மாணவரை நூலகத்துக்கு அனுப்புதல் பயனற்றது.

3. பெயர் மாறினால் பொருள் மறையும்

விழுப்புரம் மாவட்டம் 1993ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு முன்னர் விழுப்புரமும் திண்டிவனமும் செஞ்சியும் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. ஆதலின் நூற்பட்டியலில் ‘விழுப்புரம் மாவட்டம்’ என்று மட்டும் தேடும் மாணவர்க்குப் பெரும்பாலும் 1993க்குப் பிற்பட்ட நூல்களே அகப்படும். கார்சுடின் 1878இல் வெளியிட்ட தென்னார்க்காட்டு மாவட்டக் கையேடும், பிரான்சிசு 1906இல் வெளியிட்ட அம்மாவட்ட விவரச்சுவடியும் அவர் கண்ணுக்குப் புலனாகா. 2019ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. எனவே, 1993க்கும் 2019க்கும் இடையே ‘விழுப்புரம் மாவட்டம்’ என்ற பெயரில் எழுதப்பெற்ற ஆய்வுகளில் கள்ளக்குறிச்சிச் செய்திகளும் கலந்திருக்கும். மாவட்டப் பெயர் காலத்தோடு பொருந்த ஆளப்பெறாவிடின் தேடலும் பிழைபடும், ஒப்பீடும் பிழைபடும்.

ஊர்ப் பெயரின் எழுத்து வடிவமும் இத்தகையதே. கிடங்கில் என்பது சங்கப் பெயர். கிடங்கல் என்பது இன்றைய வழக்கு. விழுப்புரம் என்னும் பெயரில் உள்ள ழகரம் ஆங்கில எழுத்துக்களில் லகரமாகவே எழுதப்பெறுகின்றது. அதுவும் ஒற்றை எழுத்தாகவும் இரட்டை எழுத்தாகவும் வேறுபடும். ஆசிரியர் பெயர்களோ இன்னும் பெரிய இடர். ஒரே புலவர் பெயர் ஒரு பட்டியலில் தலைப்பெழுத்தின்கீழும், மற்றொன்றில் இயற்பெயரின்கீழும், வேறொன்றில் சாதிப்பெயரின்கீழும் நிற்றல் உண்டு. உ. வே. சாமிநாதையரைத் தேடுபவர் ‘சுவாமிநாத’, ‘சாமிநாத’ என்னும் இரு வடிவங்களிலும் தேடுதல் வேண்டும்.

ஆகவே, தேடுதற்கு முன் பெயர்ப்பட்டி ஒன்று எழுதிக்கொள்ளுமாறு மாணவரைப் பணித்தல் வேண்டும். கிடங்கில் பற்றிய வினாவுக்குரிய பட்டியில் கிடங்கில், கிடங்கல், திண்டிவனம், ஓய்மாநாடு, ஓவியர், நல்லியக்கோடன், மாவிலங்கை, தென்னார்க்காடு என்பன இடம்பெறும். அவற்றின் ஆங்கில எழுத்து வடிவங்களும் உடனிருக்கும். இப்பட்டி தேடத் தேட வளரும். வளராத பட்டி, தேடாமையைக் காட்டும்.

4. ஒரு பொருள், பல தட்டுகள்

நூலகத்துள் ஒரு பொருள் ஒரே இடத்தில் இருக்கும் என்று மாணவர் எண்ணுகின்றனர். பகுப்பு முறை அவ்வாறு அமைவதில்லை. 1876இல் மெல்வில் டூயி வகுத்த பதின்மப் பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811 என்னும் எண்ணையும், தமிழ்மொழி 494.811 என்னும் எண்ணையும், தமிழ்நாட்டு வரலாறு 954.82 என்னும் எண்ணையும் பெறும். கிடங்கில் பற்றிய செய்தி இம்மூன்று தட்டுகளிலும் சிதறிக் கிடக்கும். இலக்கியத் தட்டில் மட்டும் நின்று திரும்பும் மாணவர், ஊர்ப்பெயர் ஆய்வை மொழித் தட்டிலும், ஊர் வரலாற்றை வரலாற்றுத் தட்டிலும் விட்டுவந்தவர் ஆவர்.

அரங்கநாதனாரின் கோலன் பகுப்பு, ஒரு பொருளைக் கூறு கூறாகப் பிரித்து, அக்கூறுகளை மீண்டும் குறியீடுகளால் இணைப்பது. அம்முறையில் உரோமன் எழுத்தாகிய ஓ இலக்கியத்தையும், அதனை அடுத்துவரும் 31 தமிழையும் குறிக்கும். அதன்பின் பாட்டு, நாடகம் முதலிய வடிவமும், ஆசிரியரும், நூலும் முறையே இடம்பெறும். இதனை மாணவர்க்கு விளக்குவதால் இரு பயன் உண்டு. நூல் இருக்குமிடம் தெரிதல் ஒன்று. தம் ஆய்வுப் பொருளையும் அவ்வாறே கூறுகளாகப் பகுத்து எண்ணும் பழக்கம் வருதல் மற்றொன்று. இப்பயிற்சியில் நூலகர் ஆசிரியர்க்கு இணையாக நின்று கற்பித்தல் வேண்டும். நூலகரை நூலெடுத்துத் தருபவராக மட்டும் கருதும் துறையில் இப்பயிற்சி வேரூன்றாது.

5. அடைவுகளும் பட்டியல்களும்

தமிழ் ஆராய்ச்சிக்கு உதவும் கருவிநூல்கள் பல உள. அவற்றின் பெயரை அறிந்திருத்தல் போதாது. எவ்வினாவுக்கு எது விடை தரும் என அறிதல் வேண்டும்.

ஒரு சொல் சங்க நூல்களில் எங்கெங்கு வருகின்றது என்னும் வினாவுக்குச் சொல்லடைவே துணை. என். சுப்பிரமணியன் தொகுத்த பல்லவர்க்கு முற்பட்ட தமிழ் அடைவைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1966இல் வெளியிட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு புலவரின் பாடல்கள் அனைத்தையும் ஒருங்கே காண விழைவார்க்கு, ச. வையாபுரிப்பிள்ளை 1940இல் பதிப்பித்த சமாசப் பதிப்பு பயன்படும். அது பாடல்களைப் புலவர் முறைப்படி அமைத்துள்ளது. கிடங்கில் என்னும் ஊரைத் தம் பெயரோடு இணைத்த புலவர்களை அதன்கண் விரைவில் கண்டுகொள்ளலாம். சொற்பொருளுக்கு 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும், 1939இல் வந்த அதன் பிற்சேர்க்கையும் உள.

ஒரு நூல் எப்பொழுது அச்சேறியது என்னும் வினாவுக்கு நூற்பட்டியல்கள் விடை தரும். சான் மர்டாக்கு 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூற்பட்டியலும், பார்னெட்டும் போப்பும் 1909இல் வெளியிட்ட பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியலும் இவ்வகையின. கல்வெட்டுகளுக்கு 1887 முதல் வந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகளும், 1890இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதிகளும் உள. வி. ரங்காச்சாரியார் 1919இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட சென்னை மாகாணக் கல்வெட்டுப் பட்டியல், கல்வெட்டுகளை மாவட்டம் மாவட்டமாக அமைத்துத் தரும். அதிலும் திண்டிவனத்தைத் தென்னார்க்காட்டின்கீழ்த்தான் காணவேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபொழுது, ஏடு தேடி ஊர் ஊராகச் சென்றதைப் போற்றுகின்றோம். அவர் பதிப்புகளில் அமைத்த பாடபேதக் குறிப்பும், பாடினோர் பாடப்பட்டோர் வரலாறும், அரும்பத அகராதியும் பிறர் தேடலை எளிதாக்கும்பொருட்டுச் செய்யப்பெற்றவை. தான் தேடியதன் பயனைப் பின்வருவார்க்கு வழியாக அமைத்துச் செல்லும் அறம் அது. அப்பதிப்புகளின் முன்னுரையையும் அடைவையும் புரட்டாது, நடுவில் உள்ள பாடலை மட்டும் படித்தெழும் மாணவர் அவர் உழைப்பின் பாதியை இழந்தவர் ஆவர்.

6. கண்டதன் தரம் அறிதல்

முதல்நூல், வழிநூல் என்னும் பாகுபாடு தொல்காப்பியக் காலத்திலேயே தமிழர் அறிந்தது. நன்னூலார் சார்புநூல் என்பதனையும் சேர்த்துக் கூறுவர். இன்றைய ஆராய்ச்சி கூறும் முதன்மைச் சான்று, துணைமைச் சான்று என்பன அவற்றோடு முற்றும் ஒத்தவை அல்ல. ஆயினும் ஒரு கூற்று எதிலிருந்து பிறந்தது என்று வினவும் மனப்பாங்கு இரண்டுக்கும் பொது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டுக் குடைவரையை எடுத்துக்கொள்வாம். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, பிரமன், ஈசுவரன், திருமால் ஆகிய மூவர்க்கும் உரிய அக்கோயிலைச் செங்கல், மரம், உலோகம், சுண்ணச் சாந்து ஆகியன இன்றி விசித்திரசித்தன் என்னும் அரசன் ஆக்கினான் என்கின்றது. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர். ‘தமிழகத்தின் முதற் குடைவரை மண்டகப்பட்டு என அதன் கல்வெட்டே கூறுகின்றது’ என்று எழுதும் மாணவர் உளர். கல்வெட்டு முதல் என்று கூறவில்லை. எப்பொருள்கள் இன்றிச் செய்யப்பெற்றது என்றே கூறுகின்றது. முதல் என்பது அக்கூற்றிலிருந்து ஆய்வாளர் உய்த்துணர்ந்தது. உய்த்துணர்ந்தது சரியாகவும் இருக்கலாம், மறுக்கப்படவும் கூடும். ஆனால் அதனைக் கல்லின் வாக்காக எழுதுதல் பிழை.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் உள்ள சமணக் கல்வெட்டும் இத்தகைய பாடம் தருவது. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியை அது தருகின்றது. பெயரும் நாள் எண்ணிக்கையும் கல்லில் உள்ளவை. நூற்றாண்டு கல்லில் எழுதப்பெறவில்லை; எழுத்தமைதி கொண்டு அறிஞர் கணித்தது. ‘கல்வெட்டின்படி இத்தனையாம் நூற்றாண்டு’ என்று எழுதாமல் ‘எழுத்தமைதி கொண்டு இன்னார் இந்நூற்றாண்டினது என்பர்’ என எழுதப் பழகுதல் வேண்டும்.

இலக்கியத்திலும் இவ்வேறுபாடு உண்டு. நல்லியக்கோடனைச் சிறுபாணாற்றுப்படையின் அடிகள் ஓவியர் குடியினனாகக் கூறும். புறநானூறு 176ஆம் பாட்டு அவனை மாவிலங்கைத் தலைவன் என்னும். அப்பாட்டின்கீழ் உள்ள குறிப்பு அவனை ஓய்மான் என்னும். பாட்டு புலவர் வாக்கு. கீழ்க்குறிப்பு தொகுத்தோர் அல்லது பின்வந்தோர் தந்தது. இரண்டும் மதிக்கத்தக்கனவே, ஆயினும் இரண்டும் ஒரே காலத்தின, ஒரே தன்மையின என்று கொள்ளுதற்கில்லை. மாவிலங்கையைத் திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கையோடு இணைத்தல் மூன்றாம் நிலை. அது பிற்கால ஆய்வு. பாட்டு, குறிப்பு, ஆய்வு என்னும் மூன்றையும் மூன்று மையால் எழுதச் செய்தால், மாணவர் தம் கட்டுரையில் எந்த மை மிகுந்துள்ளது என்பதனைத் தாமே காண்பர்.

திண்டிவனம் என்னும் பெயரைப் புளியைக் குறிக்கும் திந்திரிணி என்னும் வடசொல்லோடு இணைத்துக் கூறும் பெயர்க்காரணம் பல நூல்களில் காணப்படுவது. பத்து நூல்கள் ஒன்றையே கூறினால் பத்துச் சான்றுகள் ஆகா. பத்தும் ஒன்றைப் பார்த்து எழுதியனவாயின் சான்று ஒன்றே. அக்கூற்று முதன்முதல் எந்நூலில் அச்சேறியது, அந்நூல் எதனை ஆதாரமாகக் காட்டிற்று எனப் பின்னோக்கிச் செல்லுமாறு மாணவரைப் பணித்தல் மிகச் சிறந்த பயிற்சியாகும்.

7. இணையத்தில் தேடல்

இன்று மாணவர் முதலிற் செல்லுமிடம் இணையம். அதனைப் பழித்தல் அறிவுடைமை ஆகாது. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களை மின்வடிவில் வழங்கி வருகின்றது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனத்தின் மின்னூலகம் அரிய அச்சு நூல்களைத் திறந்து வைத்துள்ளது. 1994இல் அமைந்த சென்னை ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலைத் திண்டிவனத்திலிருந்தே பார்க்கலாம். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்னும் களஞ்சியம் உண்டு. முன்னாளில் சென்னைக்குப் பயணம் செய்து பெற்றதை இன்று மாணவர் தம் இருக்கையில் பெறுகின்றனர்.

ஆயினும் இணையத்தின் வரம்புகளைக் கற்பித்தல் வேண்டும். படமாக எடுக்கப்பெற்ற நூலின் உள்ளிருக்கும் சொற்களைத் தேடுபொறி பெரும்பாலும் காணாது. நூற்பெயரை மட்டும் காணும். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010ஆம் ஆண்டில். அதற்கு முன் வெவ்வேறு எழுத்துருக்களில் தட்டெழுதப்பெற்ற கட்டுரைகள் ஒருங்குறித் தேடலுக்கு அகப்படாமற் போகும். எம்.பில். பட்டம் 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழு விதிமுறைகளோடு நிறுத்தப்பெற்றது. அதற்கு முன் எழுதப்பெற்ற எம்.பில். ஏடுகள் பல, துறைகளின் அலமாரிகளில் மட்டுமே உள்ளன. அவற்றைக் காண வேண்டின் அத்துறைக்கு நேரிற் செல்வது தவிர வேறு வழி இல்லை. ஆதலின் ‘இணையத்தில் இல்லை’ என்பது ‘எங்கும் இல்லை’ என்று பொருள்படாது.

வினவியவுடன் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இப்பொழுது வழக்கில் வந்துள்ளன. அவை இல்லாத நூலுக்கும் பெயரும் ஆண்டும் பக்கமும் புனைந்து தருதல் உண்டு. அவை தரும் ஒவ்வொரு மேற்கோளையும் நூற்பட்டியலில் ஒருமுறையும், நூலின் பக்கத்தில் ஒருமுறையும் சரிபார்த்தல் வேண்டும். கண்ணாற் காணாத நூலைக் கண்டதுபோல் குறித்தல், கருவி வழியே செய்யினும் மனிதர் வழியே செய்யினும் ஆராய்ச்சி நேர்மைக்கு மாறானது. மானியக்குழு 2018ஆம் ஆண்டில் வகுத்த விதிமுறைகள், பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டை மிகின், அதன் அளவுக்கேற்ற நடவடிக்கையைக் கூறுகின்றன. எனினும் மென்பொருள் காட்டும் விழுக்காடு சொல்லொப்புமையையே அளக்கும். காணாத நூலைக் கண்டதாகக் கூறும் பொய்யை அது அளவாது. ஆசிரியரே அளத்தல் வேண்டும்.

8. பயிற்சியின் அமைப்பு

இனி, ஒரு பருவத்துள் ஆறு வாரங்களில் நடத்தத்தக்க பயிற்சித் திட்டம் ஒன்றைக் கூறுவாம். முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவரும் தம் ஊரைச் சார்ந்த தலைப்பு ஒன்றைத் தேர்ந்து, அதனை நான்கு வினாக்களாக்குவர். இரண்டாம் வாரத்தில் பெயர்ப்பட்டி எழுதுவர். மூன்றாம் வாரத்தில் கல்லூரி நூலகத்தில் நூலகர் முன்னிலையில் மூன்று வெவ்வேறு தட்டுகளிலிருந்து ஒவ்வொரு நூல் எடுத்து, அதன் முன்னுரை, பொருளடக்கம், அடைவு ஆகியவற்றைக் குறிப்பெடுப்பர். நான்காம் வாரத்தில் அடைவுகளையும் இணையப் பட்டியல்களையும் கையாளுவர். ஐந்தாம் வாரத்தில் கூற்று ஒன்றினை அதன் பிறப்பிடம் வரை பின்தொடர்வர். ஆறாம் வாரத்தில் ஓரிடத்துக்கு நேரிற் செல்வர்.

இத்திட்டத்துக்குப் பெருஞ்செலவு வேண்டா. விழுப்புரத்து அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனத்துத் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் இப்பகுதியில் உயர்கல்வி வழங்கி வருவன. விழுப்புரத்தில் மாவட்ட மைய நூலகம் உள்ளது. 1955இல் தோன்றிய பிரெஞ்சு நிறுவனம் அமைந்த புதுச்சேரி, இவ்விரு ஊர்களுக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. மண்டகப்பட்டும், திருநாதர்குன்றும், கீழ்மாவிலங்கையும் ஒரு நாளிற் சென்று மீளும் இடங்கள்.

மதிப்பீடு தேர்வுத்தாளால் அமைதல் ஆகாது. தேடற் குறிப்பேட்டால் அமைதல் வேண்டும். நாள், இடம் அல்லது பட்டியல், தேடிய சொல், கிடைத்தது, அடுத்துச் செய்யவேண்டுவது என்னும் ஐந்து பத்திகள் அக்குறிப்பேட்டில் போதும். ஒன்றும் கிடைக்காத தேடலையும் அதில் எழுதச் சொல்லுதல் இன்றியமையாதது. கிடைக்காமை வெட்கத்துக்குரியது எனக் கருதி மாணவர் அதனை மறைப்பர். ஆனால் வேறொருவர் அதே இடத்தில் மீண்டும் தேடிக் காலம் இழவாமல் காப்பது அக்குறிப்பே. நன்முறையில் எழுதிய வெறுங்கைத் தேடலுக்கும் மதிப்பெண் அளித்தல் வேண்டும். இக்குறிப்பேடுகளைத் துறையில் சேர்த்து வைப்பின், சில ஆண்டுகளில் அவ்வட்டாரத்துக்கென ஒரு தேடல் வழிகாட்டி தானே உருவாகும்.

9. முடிபு

இப்பயிற்சி பெற்ற மாணவர் தம் முன்னுரையில் ‘இதுவரை எவரும் ஆராய்ந்திலர்’ என்று எழுதமாட்டார். அதற்கு மாறாக, இன்ன நூலகங்களிலும் இன்ன பட்டியல்களிலும், கிடங்கில், கிடங்கல், திண்டிவனம், ஓய்மாநாடு, மாவிலங்கை, தென்னார்க்காடு என்னும் பெயர்களால், இன்ன ஆண்டு வரை வெளிவந்தவற்றைத் தேடியதில் இப்பொருள் குறித்துத் தனி ஆய்வு காணப்படவில்லை என்று எழுதுவார். முன்னைத் தொடர் நம்பச் சொல்வது. பின்னைத் தொடர் சரிபார்க்க இடந்தருவது. பின்வரும் ஒருவர் அதனைத் திருத்தவும் கூடும். திருத்தப்பெறின் மாணவர்க்கு இழுக்கில்லை, பொருளுக்கோ ஆக்கம்.

நூல்களின் எண்ணிக்கையில் விழுப்புரமும் திண்டிவனமும் சென்னையோடு ஒப்ப நில்லா. ஆயின் தேடும் ஒழுங்கில் ஒப்ப நிற்றற்குத் தடை ஏதும் இல்லை. அவ்வொழுங்கு வகுப்பறையில் தமிழாசிரியராலும் நூலகராலும் கற்பிக்கத்தக்கது. வரும் பருவத்தில் தம் ஆய்வேட்டைத் தொடங்கவிருக்கும் மாணவர், எழுதுகோல் எடுக்குமுன் ஐந்து பத்திகள் கோடிட்ட ஒரு குறிப்பேட்டை எடுப்பாராக. அவர்தம் வழிகாட்டிகள் அதனையே முதலிற் கேட்டு வாங்கிப் படிப்பாராக.